தெருக்கோடிக் காலியிடமும் அதன் சாவியும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு புதிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறி 3 வருடம் ஆகிறது. மொத்தம் 80 வீடுகள். எதிர்வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்றுகூடத் தெரியாது. வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் நாய், குப்பை, கார் நிறுத்துவது என்று தினமும் சண்டை. தெருக்கோடியில் பூங்காவுக்கு ஒதுக்கிய 30 சென்ட் இடம் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிறது. அதை எல்லோரும் புழங்குகிற இடமாக ஆக்க முடியுமா, அதற்கு முதலில் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா அல்லது இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமா என்கிறீர்கள்.

முதலில் இடம். சங்கம் ஒரு வருடம் காத்திருக்கலாம். நான் 27 வருடமாகச் சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரே தெருவில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இரண்டு முறை செயலாளராக இருந்தேன். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து பல வருடங்களை இழந்தோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊர்ப்பக்கம் மந்தை, சாவடி, அரசமரத்தடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். யாரும் யாரையும் கூப்பிடாமலே நாலு பேர் அங்கே இருப்பார்கள். சென்னையில் அந்த வேலையைப் பல வருடம் தெருமுனை அடிபம்பும் டீக்கடையும் செய்தன. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு அந்தத் தெருவில் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதுவரை தெரியும். அந்த வரிசை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீருக்காக விடியற்காலை 3 மணிக்கு எழுந்தவர்களுக்கு அதன் வலி தெரியும். ஆனால் வீட்டுக்குள் குழாய் வந்தபோது, தினமும் பார்த்துக்கொள்ள ஒரு காரணமும் போயிற்று. திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. உங்கள் 80 வீட்டுக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் தற்செயலாகப் பார்த்துக்கொள்ள இடமே இல்லை, அவ்வளவுதான். பார்க்காத ஆளோடு வாட்ஸ்அப்பில் சண்டை போடுவது சுலபம். சாயங்காலம் அதே பெஞ்சில் உட்காரப் போகிறவரோடு அப்படிப் பேச வராது.

சங்கத்தை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு வேலைக்காகக் கூடிய சங்கம் அந்த வேலை போனதும் கலைந்துவிடுகிறது. சென்னையில் இதற்குப் பெரிய உதாரணம் எக்ஸ்னோரா. 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய அமைப்பு. தெருவுக்குத் தெரு கிளை வைத்தார்கள். வீட்டுக்கு மாதச் சந்தா வசூலித்து, ஒருவரை வேலைக்கு வைத்து, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுத்தார்கள். மாநகராட்சி வீட்டு வாசலுக்கு வராத காலம் அது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் முதன்முதலாகப் பொதுக் காரியத்துக்கு வாசலைத் தாண்டி வந்தது இதில்தான். 2000-ல் சில மண்டலங்களில் குப்பை அள்ளுவது தனியார் நிறுவனத்துக்குப் போனது. பிறகு வீட்டுக்கு வீடு எடுப்பதும் மாநகராட்சியின் வேலையாகப் பரவியது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் பக்கத்துத் தெருக் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துபோனதை நான் பார்த்தேன். சந்தா நின்றது, கூட்டம் நின்றது. உட்கார்ந்து பேச அவர்களுக்கென்று ஒரு மரத்தடி இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் மனைப்பிரிவு 1990-களில் போட்டது. பூங்காவுக்கு விட்ட 15 சென்ட் இடத்தில் வாகை மரம் ஒன்று, மீதியெல்லாம் முள். 2003-ல் நாங்கள் சங்கத்தைப் பதிவு செய்தோம். விதிமுறை எழுத 4 மாதம் ஆனது. தலைவர் யார், பொருளாளர் யார், சந்தா 50 ரூபாயா 100 ரூபாயா என்று பேசினோம். சொந்த வீட்டுக்காரர் மட்டும்தான் உறுப்பினர் என்று ஒரு விதி. அதை எழுதியதில் நானும் ஒருவன். தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். அந்த ஒரு வரியில் பாதித் தெருவை வெளியே நிறுத்திவிட்டோம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. 12 வருடம் சங்கம் இருந்தது. ஆண்டுக்கூட்டத்துக்கு 15 பேர் வந்தால் அதிகம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு தண்ணீர் வந்தது. தரைத்தள வீடுகளில் இடுப்பளவு. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், கொஞ்சம் மேடாக இருந்த அந்த வாகை மரத்தடியில் கல் வைத்து அடுப்பு மூட்டினோம். அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு. கல்யாண மண்டபத்தில் சமையல் வேலைக்குப் போகிற ஒருவர் எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. 5 நாள் அவர்தான் 200 பேருக்குச் சமைத்தார். 12 வருடச் சங்கத்தில் அவருக்கு உறுப்பினர் சீட்டு கிடையாது.

வெள்ளம் போன பிறகும் சிலர் சாயங்காலம் அந்த மரத்தடிக்கு வந்தார்கள். பழக்கம். யாரோ ஒருவர் வீட்டை இடித்துக் கட்டும்போது மிஞ்சிய கருங்கல் பலகையை இரண்டு கல்மேல் போட்டு வைத்தார். அதுதான் எங்கள் முதல் பெஞ்ச், செலவே இல்லை. ஒரு வருடத்தில் காலை 6 மணிக்கு நடக்கிறவர்கள், 11 மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வருகிற கட்டடத் தொழிலாளிகள், 4 மணிக்குப் பிள்ளைகள், 7 மணிக்குப் பெரியவர்கள் என்று அந்த இடத்துக்கு ஒரு நாள் ஒழுங்கு தானாகவே வந்தது.

அதன்பிறகு நாங்கள் ஒரு தப்பு செய்தோம். பூங்கா மேம்பாட்டுக்கென்று அரசுப் பணம் வந்தது. சுற்றுச்சுவர், இரும்புக் கேட், நடைபாதைக் கல், புல்தரை எல்லாம் வந்தன. கேட்டுக்கு ஒரு பூட்டு. சாவி சங்கப் பொருளாளரிடம். காலை 5 முதல் 8, மாலை 4 முதல் 8 என்று நேரப் பலகை. 'வெளியாட்கள் வரக்கூடாது', 'பந்து விளையாடக்கூடாது', 'புல்லில் உட்காரக்கூடாது' என்று மூன்று வரி. தொழிலாளிகள் சாப்பிட வருவது முதல் வாரமே நின்றது. பிள்ளைகள் ரோட்டுக்குப் போனார்கள். பொருளாளர் ஊருக்குப் போன நாட்களில் கேட்டே திறக்கவில்லை. எட்டு மாதத்தில் புல் காய்ந்து, பார்த்தீனியம் முளைத்து, சுவருக்கு மறுபக்கத்திலிருந்து பாட்டில் வீச ஆரம்பித்தார்கள். ஆள் புழங்கிய வரை ஒரு பாட்டில்கூட விழாத இடம் அது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டினோம். பூட்டிய பிறகுதான் அது ஆபத்தான இடமாக ஆனது.

பூட்டைக் கழற்றச் சங்கத்துக்குள் இரண்டு வருடம் வாதாட வேண்டியிருந்தது. 'திறந்துவிட்டால் கண்டவனும் வருவான்' என்று சொன்னவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். வெள்ளத்தில் தங்கள் வீட்டைத் திறந்துவிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். கடைசியில் மூன்று மாதம் சோதனையாகத் திறந்துவைப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து யாருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட் இன்னும் இருக்கிறது, பூட்டு இல்லை. இரண்டு தடவை சைக்கிள் திருட்டு நடந்தது, ஒரு பல்பை உடைத்தார்கள். ஏழு வருடத்தில் அவ்வளவுதான்.

உங்கள் இடத்துக்கு வருவோம். முள்வெட்டப் போவதற்கு முன் ஒரு வாரம் காகிதம் பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம். இதைத்தான் ஓஎஸ்ஆர் நிலம், அதாவது திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம், என்கிறார்கள். 80 வீட்டுக்கு 30 சென்ட் என்பது கணக்குக்குச் சரியாக வருகிறது. பார்க்க வேண்டியது இரண்டு: ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், பிறகு தானப் பத்திரம் உண்மையிலேயே பதிவானதா என்பது. வில்லங்கச் சான்றில் அது தெரியும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பத்திரம் பதிவாகியும் பட்டா பழைய பெயரிலேயே கிடந்து, பிறகு யாரோ அதைக் காட்டி விற்க வருகிற சங்கடம் புறநகரில் உண்டு. பட்டாவும் உள்ளாட்சியின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் மாற்றச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கவென்றே தமிழ்நாட்டில் 1959-ல் ஒரு சட்டம் வந்தது. இந்திய அளவில் 1991-ல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று எல்லாக் குடியிருப்போரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. பெங்களூர் ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு இதில் என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. பூங்கா போனால் பாதிக்கப்படுவது அங்கே வாழ்கிறவர்கள்தான், ஆகவே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, பொதுவெளியை இப்படித் தனியாருக்கு மாற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். இடம் சுத்தமானதும் முதலில் வருகிற யோசனை, மூலையில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டலாம் என்பது. எனக்குப் பிள்ளையார்மேல் பக்தி உண்டு. ஆனாலும் வேண்டாம் என்பேன். 2009 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டு இடமும் அனுமதியில்லாமல் எழக்கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. சட்டம் ஒருபக்கம். தெருவில் இருக்கிற மேரி அக்காவும் பாத்திமா பாட்டியும் அந்த இடத்தை இன்னொருவருடைய இடமாக நினைக்க ஆரம்பிப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். கமிட்டி, வசூல், முதல் மரியாதை என்று வந்துவிட்டால் சாதியும் உள்ளே வந்துவிடும். பொங்கலுக்குக் கோலப்போட்டி வையுங்கள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுங்கள், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வாங்கிக் குடியுங்கள். கட்டடம் மட்டும் வேண்டாம்.

அரசுப் பக்கத்தில் என்ன செய்யலாம்? பலர் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் பகுதி சபைக்கான விதிகள் வந்தன. ஊராட்சிக்குக் கிராம சபை மாதிரி, நகரத்துக்கு இது. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, வருடத்துக்குக் குறைந்தது நான்கு முறை கூட்டம்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. உங்களுக்குப் பக்கத்தில் பம்மலில்தான் 2022 நவம்பர் 1 அன்று அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நடந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோருமே உறுப்பினர்கள். வாடகைக்கு இருப்பவர், குடிசையில் இருப்பவர், பங்களாவில் இருப்பவர் எல்லோருக்கும் ஒரே தகுதி. எங்கள் சங்க விதி செய்யத் தவறியதை இந்த விதி செய்திருக்கிறது. கூட்டம் பல இடங்களில் பெயருக்கு நடக்கிறது என்பது உண்மை. 10 பேர் ஒரு வரைபட நகலோடு போய் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். எழுதியே ஆக வேண்டிவரும். உங்கள் பகுதி இன்னும் ஊராட்சியாக இருந்தால் கிராம சபை, வருடத்துக்கு ஆறு முறை.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பூங்கா, திடல் போன்ற பொதுப்பணிக்கு மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். மூன்றில் ஒரு பங்கை ஒரே ஒரு பணக்காரரோ நிறுவனமோ கட்டவும் வழி உண்டு. நான் அதை விரும்புவதில்லை. 80 வீட்டில் 60 வீடு ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்த இடத்தில் யாரும் குப்பை கொட்டமாட்டார்கள். ஒருவர் பெயரில் கல்வெட்டு வைத்த இடத்தில் அந்த ஒருவர்தான் காவல் இருக்க வேண்டும்.

ஆனால் பணத்துக்கு முன்னால் புழக்கம் வர வேண்டும். சிட்லபாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்போர் பல வருடம் மனுப்போட்டார்கள். 2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, மனுவை எழுதிய கையோடு மண்வெட்டியும் எடுத்து மக்களே ஏரிக்குள் இறங்கித் தூர்வாரினார்கள். அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது அதற்குப் பிறகுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் நின்று பழகியவர்கள், ஆக்கிரமிப்பு, கழிவுநீர் என்று அடுத்தடுத்த பிரச்சினைகளுக்கும் ஒன்றாகப் போய் நின்றார்கள்.

இப்போது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற விஷயம். உங்கள் மனைப்பிரிவுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு பழைய குடியிருப்பு இருக்கும். உங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த 30 சென்ட் திறந்திருக்குமா? இந்தக் கேள்வி நீங்கள் எழுப்பாவிட்டாலும் முதல் மாதமே வரும். பந்தோடு நாலு பையன்கள் வந்து நிற்பார்கள். அன்றைக்கு நீங்கள் சொல்கிற பதிலில்தான் அந்த இடத்தின் குணம் அமையும்.

வடசென்னையில் வியாசர்பாடி முல்லை நகரைப் பாருங்கள். உமாபதியும் தங்கராஜும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த இடம் அது. விளையாட வருகிற பிள்ளைக்கு மாலையில் பாடமும் உண்டு. அந்த மண்ணில் விளையாடியவர்கள் கல்லூரிக்குப் போனார்கள், வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் போனார்கள். தெற்கே கண்ணகி நகர், நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 2000-க்குப் பிறகு எழுந்த குடியிருப்பு. 15,000 வீடுகளுக்கு மேல் நெருக்கியடித்து நிற்கிற அந்த இடத்தில் ஒரு சின்னத் திடலில் கபடி பழகிய பெண், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். கண்ணகி நகர் என்றால் முகம் சுளித்தவர்கள் அன்றைக்கு அந்தப் பெயரைப் பெருமையாகச் சொன்னார்கள்.

இதே வருடங்களில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம், 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, விளையாட ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. வியாசர்பாடிப் பையனுக்கு ஒரு மணிக்கு 120 ரூபாய்! எதிர்ப்பு எழுந்த வேகத்தில் ஓரிரு நாளில் தீர்மானம் திரும்பிப் போயிற்று. பராமரிப்புச் செலவு உண்மையான பிரச்சினைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் என்பதும் ஒரு பூட்டுதான். பூட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்பதை என் தெருவிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் இடத்தில் கிரிக்கெட் பிள்ளைகளுக்கும் நடக்கிறவர்களுக்கும் சண்டை வந்தபோது, எந்தப் பெரியவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பையன்களில் இரண்டு பேரையும் நடக்கிறவர்களில் இரண்டு பேரையும் அந்தக் கருங்கல் பெஞ்சிலேயே உட்காரவைத்தோம். 4 முதல் 6 வரை நடுத்திடல் பையன்களுக்கு, ரப்பர் பந்து மட்டும். 6-க்கு மேல் நடக்கிறவர்களுக்கு. பையன்கள் பதிலுக்கு ஒன்று கேட்டார்கள்: மே மாத விடுமுறையில் காலை 10 வரை வேண்டும். கொடுத்தோம். பலகை எதுவும் வைக்கவில்லை. இன்றைக்கும் அதுதான் நடைமுறை. அன்றைய பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், அடுத்த செட் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெண்கள் வருகிறார்களா என்பதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். எங்கள் பூங்காவில் புதர்வேலி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த காலத்தில் 6 மணிக்கு மேல் ஒரு பெண்கூட வரமாட்டார். அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ரோட்டிலிருந்து உள்ளே தெரிகிற மாதிரி செய்து, இரண்டு விளக்கை உயரத்திலிருந்து இறக்கித் தலைக்கு மேலே பொருத்தினோம். ஒரே மாதத்தில் கூட்டம் மாறியது. பெஞ்சுகளையும் இடம் மாற்றினோம். ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் சுவரோரமாக வரிசையில் போட்டிருந்தார். பஸ் நிலையம் மாதிரி இருக்கும். இரண்டு பெஞ்சை எதிரெதிராகப் போட்டால்தான் பேச்சு வரும். இன்னொன்று, வாசல்பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற அம்மாவை விரட்டாதீர்கள். இரவு 9 வரை அவர் அங்கே இருப்பதுதான் எங்கள் தெருவுக்குக் காவல். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு.

புல்தரை வேண்டாம், தண்ணீர் தாங்காது, உட்காரவும் விடமாட்டார்கள். மண் தரையே போதும். மரத்துக்குப் புங்கை, வேம்பு, பூவரசு. பூவுக்கு ஆசைப்பட்டு நாங்கள் வைத்த இரண்டு குல்மோகரும் 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் வேரோடு சாய்ந்தன. பக்கத்தில் இருந்த புங்கை கிளை மட்டும் முறிந்து, அடுத்த கோடைக்குள் மறுபடி நிழல் கொடுத்தது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் லாரி எப்போது, ரத்தம் யாருக்குத் தேவை, ஞாயிறு எத்தனை மணிக்கு. வழக்கு எதுவானாலும் மரத்தடிக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். பாதி வழக்கு அங்கே வரும்முன்பே ஆறிவிடும்.

பெரிய விழாவோடு ஆரம்பிக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக் செட், சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்று ஒரு நாள் 200 பேர் வந்துபோவதைவிட, ஒரே ஞாயிறு நேரத்தில் 8 பேர் 20 வாரம் விடாமல் வருவது பெரிது. எங்கள் அனுபவத்தில் ஆறாவது, ஏழாவது வாரம்தான் கஷ்டம். முதல் உற்சாகம் வடிந்து, 3 பேர் நிற்பார்கள். அந்த வாரங்களில் நீங்கள் போய் நின்றால் போதும், வேலைகூட செய்ய வேண்டாம். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பத்தாவது வாரம் ஒருவர் டீ கொண்டுவருவார்.

சங்கம் பதிவு செய்கிற நாள் வந்தால், 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் செய்யலாம். உறுப்பினர் விதியில் 'இந்தப் பகுதியில் வசிப்பவர்' என்று எழுதுங்கள். 'வீட்டு உரிமையாளர்' என்று எழுதாதீர்கள். செயற்குழுவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பின்தெருக் குடியிருப்புக்கும் இடம் வையுங்கள். சாவி, பூட்டு என்ற வார்த்தைகளே விதிமுறையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு வரைபட நகலை வாங்குங்கள், நாலு வீட்டில் சொல்லுங்கள், ஒரு ஞாயிறு காலை 6 மணிக்கு இரண்டு அரிவாளோடு போங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும். அதைக் கவுன்சிலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். இடிபாட்டில் உடையாத செங்கல்லைத் தனியாக எடுத்து அடுக்குங்கள், முதல் பெஞ்சுக்கு ஆகும். புரட்டாசிக் கடைசிக்குள் இடம் தெளிந்துவிட்டால் புங்கங்கன்றுகளை நட்டுவிடலாம். ஐப்பசி மழை தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்.